இட்லிக் கயிறும் தோசைக் கயிறும்

நான் கப்பலேறியதற்குக் காரணம் ஒரு காத்தாடி.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் சிம்பாங் அம்பாட்டில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதிக்கும் ஸ்டோருக்கும் நடுவே அது நின்றது. ஆள் உயர மின்விசிறி அது. பேக்கிங்கில் நான் சூப்பர்வைசர். ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அண்ணன். காலையில் நான் வரும்போது காத்தாடி ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் பக்கம் திருப்பி வைப்பேன். தேநீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்படி ஒரு வாரம். அடுத்த வாரம் அண்ணன் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி எல்லை போட்டார். நான் காத்தாடியின் கழுத்தில் 'பேக்கிங் பகுதியின் சொத்து' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

மூன்று மாதம் பேசவில்லை. பெட்டிகள் தீர்ந்துபோனால் நான் வாட்ஸ்அப் குழுவில், "யாராவது ஸ்டோரில் சொல்லவும்" என்று போடுவேன். பத்தடி தள்ளி நின்று அதைப் படித்துவிட்டு அண்ணன், "பெட்டி வந்துவிட்டது, யாராவது பேக்கிங்கில் சொல்லவும்" என்று பதில் போடுவார். குழுவில் இருந்த மற்றவர்கள் சிரிக்கும் பொம்மை போட்டுப் போட்டு அலுத்து, கடைசியில் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

எங்கள் இருவருக்கும் மேலே ஒரு மேனேஜர். எதற்கும் ஒரு விதிமுறைத் தாள் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். காத்தாடிக்கும் எட்டு விதிகள் எழுதி ஒட்டினார். காத்தாடிக் காற்றில் அந்தத் தாள் கிழிந்து போனது. அந்தச் சமயத்தில்தான் மனிதவளப் பிரிவில் யாரோ பாய்மரக் கப்பல் பயிற்சி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நான்கு நாள். ஜார்ஜ் டவுனிலிருந்து லங்காவி போய்த் திரும்ப வேண்டும். பாய் ஏற்றுவது, சமைப்பது, கழுவுவது எல்லாம் நாமேதான்.

"கப்பல்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம இருக்க முடியாது. இடமே கிடையாது," என்றார் மேனேஜர். தானும் வருவதாகச் சொன்னார். நான்காவது ஆளாக எங்கள் பகுதிப் பெண் ஒருத்தியின் பெயர் இருந்தது. அவளுக்குக் கல்யாண வீடு வந்துவிட்டது. வேறு யாரை அனுப்புவது என்று கேண்டீனில் பேசிக்கொண்டிருந்தபோது, சோறு போட்டுக்கொண்டிருந்த கேண்டீன் அக்கா கரண்டியை நிறுத்தினார்.

"நான் போறேன் சார். லீவு கெடக்கு. நான் இதுவரைக்கும் ஃபெர்ரியத் தவிர வேற கப்பல்ல ஏறுனதில்ல லா."

இப்படியாக நாங்கள் நால்வரும் ஒரு காலையில் படகுத்துறையில் நின்றோம். வேறு கம்பெனிகளிலிருந்து இன்னும் இரண்டு குழுக்கள் வந்திருந்தன. கப்பலுக்கு இரண்டு பாய்மரங்கள். தூரத்திலிருந்து அழகாக இருந்தது. கிட்டே போனதும் கயிறாக மட்டும் இருந்தது. எங்கே பார்த்தாலும் கயிறு. கேப்டன் ஐம்பது வயது மலாய்க்காரப் பெண்மணி, வெயிலில் காய்ந்த முகம். பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளோடு படித்தவராம். தமிழில் அவருக்கு 'சீக்கிரம்', 'போதும்', 'அடடா' என்ற மூன்று சொற்கள் தெரியும். நான்கு நாளில் 'அடடா'வைத்தான் அதிகம் சொன்னார்.

மேனேஜர் சக்கரம் வைத்த பெரிய பெட்டி கொண்டுவந்திருந்தார். உள்ளே இஸ்திரி போட்ட சட்டைகள். கேப்டன் அதைப் பார்த்து மென்பையில்தான் கொண்டுவர வேண்டும், கடிதத்தில் எழுதியிருந்தோமே என்றார். எங்கள் மேனேஜரை விதிமுறைத் தாள் படிக்காத ஆளாக அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். கப்பல் கடலுக்குள் போய்ச் சாய ஆரம்பித்ததும் அந்தப் பெட்டி தானாகவே நடக்கத் தொடங்கியது. கீழே படுக்கை அறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். கொஞ்ச நேரம் நிற்கும். யோசித்துவிட்டுத் திரும்பி வரும். எங்கள் எல்லார் முழங்காலிலும் அது ஒருமுறையாவது இடித்தது. கடைசியில் ஸ்டோர் அண்ணன் அதைத் தூணோடு சேர்த்துக் கட்டினார். ஸ்டோர்க்காரர் கட்டிய கட்டு என்பதால், சட்டை எடுக்கக்கூட மேனேஜரால் அவிழ்க்க முடியவில்லை. மூன்று நாள் ஒரே சட்டையில் இருந்தார்.

எங்கள் வேலை முன்பாயைக் கவனிப்பது. அந்தப் பாய்க்கு இரண்டு கயிறு, பக்கத்துக்கு ஒன்று. கப்பல் திசை திரும்பும்போது ஒரு பக்கத்துக் கயிற்றை விட வேண்டும், அதே நேரத்தில் மறுபக்கத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. விடுகிறவர் "விட்டாச்சு" என்று சொன்னதும் இழுக்கிறவர் இழுப்பார். கேப்டன் எங்கள் நால்வரையும் பார்த்து, இரண்டு பேர் பலசாலியாகத் தெரிகிறீர்கள் என்று சொல்லி, ஸ்டோர் அண்ணனை ஒரு கயிற்றிலும் என்னை மறு கயிற்றிலும் நிறுத்தினார். மேனேஜர் முகத்தில் ஒரு திருப்தி வந்து போனது.

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. நடுவே கேண்டீன் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"திரும்புறோம்!" என்று கேப்டன் மலாயில் கத்தினார்.

அண்ணன் தன் கயிற்றை விட்டார். விட்டதை என்னிடம் சொல்ல வேண்டுமே! அக்கா பக்கம் திரும்பி மெதுவாக, "அக்கா, விட்டாச்சுன்னு சொல்லிருங்க," என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பி, "ஏம்மா, விட்டுட்டாராம்," என்றார்.

"எவ்வளவு விட்டாராம்னு கேளுங்கக்கா," என்றேன்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பினார். "எவ்ளோ விட்டீங்கன்னு கேக்குது."

"எல்லாத்தையும்தான்னு சொல்லுங்க."

இந்த விசாரணை நடந்துகொண்டிருந்த நேரத்தில் பாய் தலைக்கு மேலே பேய் பிடித்ததுபோல் படபடவென்று அடித்தது. கப்பல் பாதி திரும்பி, மனசு மாறி, வந்த வழியே பின்னால் போக ஆரம்பித்தது. பாய்மரக் கப்பல் ரிவர்ஸில் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாயில் ஆடிய கயிறு மேனேஜரின் தொப்பியைத் தட்டிக் கடலில் போட்டது.

"அடடா," என்றார் கேப்டன்.

அன்று முழுக்க ஏழு முறை திரும்பினோம். ஏழு முறையும் இதே கதை. ஒவ்வொரு முறையும் நான் இனிமேலாவது நேரே கேட்டுவிடலாம் என்றுதான் நினைப்பேன். வாய் வரை வரும். மூன்று மாத வைராக்கியத்தை இத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுப்பதா என்று விழுங்கிவிடுவேன். அதில் வெட்கக்கேடு என்னவென்றால், முதல் நாள் காத்தாடியைத் திருப்பியவள் நான்தான். அது முதலில் ஸ்டோருக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை கேப்டன் கேண்டீன் அக்காவை எங்கள் குழுவுக்குத் தலைவராக்கினார். "காத்து எங்கேருந்து வருது?" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தானாம். மேனேஜர் கைதட்டினார். கொஞ்சம் தாமதமாகத்தான் தட்டினார்.

அக்கா பதவியேற்றதும் செய்த முதல் வேலை, கயிறுகளுக்குப் பெயர் வைத்தது. கப்பலில் இடது வலது என்று சொல்லக்கூடாதாம், அதற்கு வேறு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. அந்தச் சொற்கள் எங்கள் யார் தலையிலும் நிற்கவில்லை. அக்கா சமையலறையிலிருந்து இரண்டு துணி கொண்டுவந்தார். வெள்ளைத் துணியை ஒரு கயிற்றில் கட்டினார். தீய்ந்துபோன பழுப்புத் துணியை மற்றதில் கட்டினார்.

"இது இட்லி. அது தோசை. சாப்பாட்டுப் பேரு யாருக்கும் மறக்காது லா."

பிறகு எங்கள் இருவரையும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "நான் கீழ போயி சோத்தைப் பாக்கணும். இனிமே நடுவுல நின்னு தபால் குடுக்க முடியாது. பேசிக்கிட்டா பேசுங்க, இல்லாட்டி கப்பல் பின்னால போகட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கால் மணி நேரத்தில் காற்று திடீரென்று வலுத்தது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. என் பக்கம் கடல் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கீழே சமையலறையிலிருந்து, "தண்ணீர்மலை முருகா!" என்று அக்காவின் குரலும், கூடவே ஏதோ பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டன. கேப்டன் சுக்கானைத் திருப்பியபடியே கத்தினார். அவருக்கும் காலையிலேயே புதுப் பெயர்கள் பழகிவிட்டன.

"இட்லி! இட்லி! சீக்கிரம்!"

இட்லி அண்ணனுடையது. விட்டார். நான் வாயைத் திறக்காமல் தோசையை இழுத்தேன். வரவில்லை. இட்லி எங்கோ சிக்கியிருந்தது. கப்பல் இன்னும் சாய்ந்தது. பயத்தில் என் தொண்டையிலிருந்து என்னை அறியாமல் ஒரு சத்தம் வந்தது.

"அண்ணே! இட்லி மாட்டிக்கிச்சு!"

"எங்க?"

"உங்க கால்லதான் அண்ணே! கால்ல!"

குனிந்து பார்த்தார். கயிறு அவர் கணுக்காலைச் சுற்றியிருந்தது. உதறி எடுத்தார். "இந்தா, விட்டாச்சு! இழு தங்கச்சி, இழு இழு!"

இழுத்தேன். பாய் சட்டென்று மறுபக்கம் போய்க் காற்றை வாங்கி வயிறு புடைத்து நின்றது. கப்பல் நிமிர்ந்து ஓட ஆரம்பித்தது. என் உள்ளங்கை எரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினோம்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் படியேறி வந்தார். வயிற்றைப் புரட்டுவதால் கீழே படுத்திருந்தவர். முகம் பச்சையாக இருந்தது. கையில் காலித் தட்டு.

"இட்லின்னு சத்தம் கேட்டுச்சே. ரெண்டு மட்டும் போதும். சட்னி வேண்டாம்," என்றார்.

ஸ்டோர் அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். உட்கார்ந்து, கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். மேனேஜர் தட்டோடு நின்று எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்றார். குரலில் சந்தோஷம். அடுத்த நொடி ஓரத்துக்கு ஓடி வாந்தியெடுத்தார்.

வாந்தி நின்ற பிறகு அவர் நல்ல உழைப்பாளியாகத்தான் இருந்தார். அவருக்குக் கழிப்பறை சுத்தம் செய்யும் வேலை விழுந்தது. கப்பல் கழிப்பறையில் கைப்பிடியைப் பிடித்து இருபது முறை பம்ப் அடிக்க வேண்டும். குறைந்தால் போனது திரும்பி வரும். மற்ற இரண்டு குழுக்காரர்களும் சோம்பலில் பத்தோடு நிறுத்தியதால் முதல் நாளே ஒரு விபத்து நடந்திருந்தது. மேனேஜர் கோடு போட்ட தாளில் ஒன்பது விதிகள் எழுதிக் கதவில் ஒட்டினார். நான்காவது விதி, 'எண்ணிக்கையை வெளியே நிற்பவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லவும்.' அதன் பிறகு அந்தக் கப்பலில் எப்போது பார்த்தாலும் யாராவது ஒருவர் கதவுக்குள்ளிருந்து, "பதினேழு... பதினெட்டு..." என்று கத்திக்கொண்டிருப்பது கேட்கும். விபத்து மறுபடி நடக்கவில்லை. கேப்டன் அந்தத் தாளை அப்படியே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். மேனேஜர் அன்று முழுக்க நிமிர்ந்து நடந்தார்.

லங்காவியில் நங்கூரம் போட்டுக் குளித்தோம், தின்றோம், தூங்கினோம். திரும்பும் வழியில் மூன்றாம் நாள் மத்தியானம் காற்று மொத்தமாக நின்றுவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பாய்கள் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரி தொங்கின. பயிற்சி என்பதால் இன்ஜின் போட மாட்டேன் என்று கேப்டன் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தோம். அண்ணனும் நானும் பாய் நிழலில் வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன் வானத்தைப் பார்த்தபடி, "ஒரு காத்தாடி இருந்தா நல்லாருக்கும்," என்றார்.

எனக்கு முதலில் கோபம் வரப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வாயை இறுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறது அண்ணே?" என்றேன்.

"உன் பக்கமே வெச்சுக்க. ஸ்டோர்ல எனக்கு ஒண்ணும் அவ்ளோ சூடு இல்ல. நீ கேக்காம திருப்புனதுதான் எரிச்சலா வந்துச்சு."

"தப்புதான் அண்ணே."

"அந்த மஞ்ச டேப்பு ரொம்ப ஓவர்தான். ஒட்டுனப்பவே தெரியும். பிரிச்சா மானம் போயிரும்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான். மூன்று மாதச் சண்டை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதற்காகவா நான் அத்தனை நாள் இரவில் பதில் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்!

கடைசி நாள் காலை. பினாங்குக் குன்றுகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கேப்டன் கடைசிப் பயிற்சியை அறிவித்தார். ஒரு ஆள் கடலில் விழுந்தால் கப்பலைத் திருப்பிக் கொண்டுபோய் அவரைத் தூக்குவது. ஆளுக்குப் பதில் ஒரு பொம்மை. பழைய உயிர்காப்புச் சட்டைக்குள் தண்ணீர்க் கேனைத் திணித்து, தலையில் தொப்பி வைத்துக் கட்டி, முகம் வரைந்திருந்தார்கள். மீசைகூட இருந்தது. அக்கா அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். கேப்டன் அதைத் தூக்கிக் கடலில் போட்டார்.

"மாப்பிள்ளை விழுந்துட்டாரு!" என்று அக்கா கத்தினார்.

விழுந்தவரை ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு விரலால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. மேனேஜருக்கு அந்த வேலை கொடுக்கப்பட்டது. விதி என்றதும் அவர் சிலையாகிவிட்டார். கை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி.

முதல் முறை ஒரு வீட்டு அகலம் தள்ளிப் போனோம். இரண்டாம் முறை கிட்டே போனோம், வேகத்தில் தாண்டிவிட்டோம். மூன்றாம் முறை மாப்பிள்ளை மேலேயே ஏறிவிட்டோம். அவர் கப்பலுக்கு அந்தப் பக்கம் மீசையோடு எழும்பி வந்தார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன மோட்டார் படகில் ஒரு மலாய் மீனவர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நான்காவது முறை திரும்பியபோது அவரால் தாங்க முடியவில்லை. பொட்டலத்தை மூடி வைத்தார். இன்ஜினைக் கிளப்பி நேராக மாப்பிள்ளையிடம் போய், அள்ளித் தன் படகில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். மேனேஜரின் விரல் மாப்பிள்ளையைத் தொடர்ந்து வந்து இப்போது மீனவரின் நெஞ்சைக் குறிபார்த்தது.

"உங்க ஆளு," என்றார் மீனவர் மலாயில், பொம்மையைத் தூக்கிக் காட்டி. "காலையிலேருந்து தேடுறீங்க."

கேப்டன் நன்றி சொன்னார். இது பயிற்சி என்று விளக்கினார். பிறகு, "தயவுசெஞ்சு மறுபடியும் தண்ணியில போட்டுருங்க," என்றார்.

மீனவர் கேப்டனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தன்னையே காட்டிக்கொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தார். "போடணுமா?"

"ஆமா."

"நெசமாவா?"

அவர் மாப்பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்து, குழந்தையைத் தொட்டியில் இறக்குவதுபோல் மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார். போகவில்லை. எங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

ஐந்தாவது முறை. அக்கா கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று, காற்றையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து, "இப்ப! தோசை விடு!" என்றார். விட்டேன். பாய் தளர்ந்து கப்பல் வேகம் குறைந்தது. மீனவர் அங்கிருந்து, "கிரி! கிரி!" என்று மலாயில் கத்தி இடது பக்கம் கை காட்டினார். அண்ணன் நீளக் கொக்கிக் கம்போடு தளத்தில் குப்புறப் படுத்துப் பாதி உடம்பை வெளியே நீட்டினார். நான் ஓடிப் போய் அவர் இரண்டு கால் மேலும் உட்கார்ந்தேன்.

"நல்லா உக்காரு தங்கச்சி! பயப்படாதே, அழுத்தி உக்காரு!"

"உக்காந்துட்டேன் அண்ணே! பிடிங்க!"

கொக்கி மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டையில் மாட்டியது. தூக்கினார். தண்ணீர் சொட்ட மாப்பிள்ளை தளத்தில் வந்து விழுந்தார், அண்ணன் மேலே. கப்பலில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் படகில் மீனவரும் தட்டினார். அக்கா அழுதுவிட்டார், பொம்மைக்காக ஏன் அழுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. கேப்டன் "போதும்" என்றார், சிரித்துக்கொண்டே.

மேனேஜர் மட்டும் இன்னும் விரல் நீட்டிக்கொண்டிருந்தார், இப்போது தன் காலடியில் கிடந்த மாப்பிள்ளையை நோக்கி.

"சார், எறக்குங்க. ஏத்தியாச்சு," என்றார் அண்ணன்.

"எறக்க வரல. மரத்துப் போச்சு," என்றார் மேனேஜர்.

நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் நின்று அந்தக் கையைத் தேய்த்து மடக்கிவிட்டோம். கிளம்பும் முன் மீனவர் கப்பலை ஒட்டி வந்து ஒரு பையில் ஆறு கெம்போங் மீன் கொடுத்தார்.

"தண்ணியில விழுந்தவருக்கு," என்றார். "வறுத்துக் குடுங்க."

அக்கா மஞ்சள் தூள் தடவி வறுத்தார். அவ்வளவு ருசியான மீனை நான் அதற்கு முன் தின்றதில்லை, பசிதான் காரணமாக இருக்கும்.

மத்தியானம் துறையில் இறங்கியதும் தரை ஆட ஆரம்பித்தது. நான்கு நாள் ஆடிய கப்பலில் நேராக நின்ற எங்களால் அசையாத தரையில் நிற்க முடியவில்லை. இலைச் சாப்பாடு சாப்பிடலாம் என்று லிட்டில் இந்தியா பக்கம் நடந்தோம். நால்வரும் வரிசையாகக் கை கோத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் இடது பக்கம் சாய்ந்து, ஒரே நேரத்தில் வலது பக்கம் சாய்ந்து போனோம். நகைக்கடை வாசலில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். மேனேஜரின் மூன்று நாள் சட்டை வாடையும் சேர்ந்துகொண்டது.

நிழலில் மூன்று சக்கர மிதிவண்டியை நிறுத்தியிருந்த ஒரு டிரைஷாக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். மேனேஜரிடம் பரிவாகக் கேட்டார்.

"என்னாண்ணே, மத்தியானத்துலயேவா?"

மேனேஜர் நிமிர்ந்து நிற்க முயன்று விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் இல்ல. நாங்க கப்பல்லேருந்து வர்றோம்."

"ஆமா ஆமா. எல்லாரும் எங்கேருந்தாவதுதான் வர்றாங்க லா. ஏறுங்க, வீட்டுல விட்டுர்றேன்."

சாப்பாட்டுக் கடையில் விடச் சொல்லி அக்காவையும் மேனேஜரையும் அதில் ஏற்றி அனுப்பினோம். இடம் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. அண்ணனும் நானும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி பின்னால் நடந்தோம். சாப்பாட்டுக் கடை வரைக்கும் சாலை சாய்ந்தே இருந்தது.